லாபியில் ஒரு ப்ரொஜெக்டர்

இந்த வாரம் ஹோட்டல் ரிவ்யூன்னு சொல்லியிருந்தேன். ரிவ்யூ கொஞ்சம்தான் இருக்கும், மன்னிச்சுக்குங்க.

மாமல்லபுரத்துல, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துத் தெரு. பழைய வீடு ஒண்ணை பழைய சினிமா தீம்ல ஹோட்டலா மாத்தியிருக்காங்க. பேர் வேண்டாம். வாசல்ல டிக்கெட் கவுன்டர் மாதிரி ரிசப்ஷன், சாவிக்கொத்துல ஃபிலிம் துண்டு. காலையில பக்கத்துச் சிற்பக்கூடத்து உளிச்சத்தம்தான் அலாரம். காபி சுமார்.

அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். அவர் செங்கல்பட்டுல முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டர். ஒரு ராத்திரி வாடகை 4,500 ரூபாய். அவர் வாங்கின கடைசி மாதச் சம்பளமும் ஏறக்குறைய அதான். வாடகையை அவர்கிட்ட சொல்லவே இல்லை.

எங்க ரூம்ல ‘கலங்கரை விளக்கம்’ போஸ்டர். 1965-ல வந்த எம்.ஜி.ஆர். படம், இயக்கம் கே. சங்கர். கதை நடக்கிறதே மாமல்லபுரத்துலதான். தன்னைப் பல்லவர் காலத்துச் சிவகாமின்னு நம்புற பெண்ணா சரோஜாதேவி. அவங்க ஓடி ஏறுறது இங்க இருக்கிற லைட்ஹவுஸ். ஹிட்ச்காக்கோட 1958 ‘வெர்டிகோ’தான் மூலம். அங்க தேவாலய மணிக்கூண்டு, இங்க கலங்கரை விளக்கம். நம்மாளுங்க இடத்தை நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்காங்க.

“இந்தப் படத்தை எத்தனை தடவைப்பா பார்த்திருப்பீங்க?”ன்னு கேட்டேன். “ஓட்டியிருக்கேன். பார்த்ததில்லை”ன்னார். ஒரு பெரிய ரீல் சுமார் இருபது நிமிஷம். அது முடியப் போகும்போது திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாத்தணும். நடுவுல கார்பன் குச்சி எரிஞ்சு தேயத் தேய நகர்த்திட்டே இருக்கணும். “ஜனங்க எம்.ஜி.ஆரைப் பார்க்கும், நான் மூலையைப் பார்ப்பேன்.”

ஒரு விஷயம் தெரியுமா? 1997-ல செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிச்சாங்க. 2019-ல செங்கல்பட்டு திரும்ப மாவட்டமாச்சு. நடுவுல இருந்த 22 வருஷமும் பட விநியோகஸ்தர்களுக்கு அது ‘செங்கல்பட்டு ஏரியா’தான். வரைபடத்துல இல்லாத மாவட்டத்தைச் சினிமாக்காரங்க காப்பாத்தி வெச்சிருந்தாங்க. ஆபரேட்டர்களைத்தான் காப்பாத்தலை. டிஜிட்டல் வந்துச்சு, ஃபிலிம் பெட்டி வர்றது நின்னுச்சு. அப்பா கூடுவாஞ்சேரில ஒரு அபார்ட்மென்ட்டுக்கு செக்யூரிட்டியாப் போனார். அந்த வருஷங்களைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்லை. காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் கேட்டா, அப்பா ரிட்டயர்டுன்னு சொல்லியிருக்கேன்.

லாபியில ஒரு 35 எம்.எம். ப்ரொஜெக்டர் நிக்குது. எல்லாரும் செல்ஃபி எடுக்குறாங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு வர்றப்போ அப்பா அதுகிட்ட நின்னுட்டார். அழப்போறாரோன்னு பயந்துட்டேன். அவர் குனிஞ்சு பார்த்துட்டு, “லூப் விடாம மாட்டி வெச்சிருக்கான். ஓட்டினா அறுந்துடும்”னார்.

சக்கரம் ஃபிலிமை ஒரே சீரா இழுக்கும். கேட்ல மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு நொடி பாகம் நின்னு நின்னு போகணும். அதுக்குத்தான் மேலயும் கீழயும் ஃபிலிமைத் தொளதொளன்னு கொஞ்சம் விடுவாங்க. இது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

“சார், இது ஓடாது, சும்மா ஷோவுக்குத்தான்”னு ரிசப்ஷன் தம்பி சொன்னான். அப்பா, “தெரியும்பா. ஒரு நிமிஷம் தொடலாமா?”ன்னார். அந்தப் பையன் என்னைப் பார்த்தான். “எங்கப்பா ஆபரேட்டர்”னேன். அப்படி வெளியில சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

கை லேசா நடுங்குச்சு. ஆனா ஒரு நிமிஷம்கூட ஆகலை. கேட்டைத் திறந்து, ஃபிலிமை எடுத்து, லூப் விட்டு, மூடிட்டார்.

காலையில லைட்ஹவுஸ் ஏற முட்டி வலின்னு கீழயே உட்கார்ந்துட்டார். நான் மட்டும் ஏறினேன். மேலயிருந்து பார்த்தா, நிழல்ல யாரோ ஒரு டூரிஸ்ட்கிட்ட வட்டமா கையைச் சுத்திச் சுத்திக் காட்டி எதையோ விளக்கிட்டு இருந்தார். செக் அவுட் பண்றப்போ ரிசப்ஷன் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: “ஸ்ப்ராக்கெட்டுக்கு மாசம் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லு தம்பி. கடல் காத்து, துரு ஏறிடும்.”