ஒரு பெட்டி மட்டும் தெரிந்த திரை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வல்லூரில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கடந்த ஆண்டு நானே ஒரு வினாடி வினாப் பக்கம் தயாரித்தேன். ஆய்வகக் கணினியில் அழகாக இருந்தது. வீட்டில் செய்து வரச் சொன்னேன். ஒரு மாணவி பத்துக் கேள்விக்கும் ‘அ’ என்றே விடை தந்திருந்தாள். "கேள்வியைப் படிக்கவே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "சார், எங்க அப்பா போன்ல ஒரு பெட்டிதான் சார் இருந்துச்சு."

அதே பக்கத்தை என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். தவறு என்னுடையது.

கணினித் திரையின் அகலம் 1280 பிக்சல். அதை மனத்தில் வைத்து, 240 பிக்சல் அகலத்தில் நான்கு விடைப் பெட்டிகளை ஒரே வரிசையில் வைத்திருந்தேன். ஓரங்களிலும் நடுவிலுமாக 64 பிக்சலில் ஐந்து இடைவெளிகள். இரண்டாவது பெட்டி, இடது ஓரத்திலிருந்து 368 பிக்சல் தள்ளித் தொடங்கும். கைப்பேசித் திரையின் அகலமோ உலாவிக் கணக்கில் 360தான். முதல் பெட்டியைத் தவிர மூன்றும் திரைக்கு வெளியே!

இதற்கான தீர்வு நாம் நடத்தும் விகிதப் பாடத்திலேயே இருக்கிறது. 240ஐ 1280ஆல் வகுத்தால் 18.75%. 64ஐ வகுத்தால் 5%. பிக்சலுக்குப் பதில் இந்தச் சதவீதங்களைக் கொடுத்தால், 360 அகலத் திரையில் பெட்டி 67.5, இடைவெளி 18 ஆகும். நான்கு பெட்டிக்கு 270, ஐந்து இடைவெளிக்கு 90. கூட்டினால் சரியாக 360. உறுப்பின் அகலத்தை, அதைத் தாங்கும் இடத்தின் அகலத்தால் வகுக்கும் இந்த முறையைத்தான், திரைக்கேற்ப மாறும் வலைப்பக்க வடிவமைப்பு பற்றி 2010இல் எழுதிய ஈதன் மார்கோட்டும் வலியுறுத்தினார்.

ஆனால் எல்லாவற்றையும் விகிதப்படி சுருக்கிவிடவும் கூடாது. 16 பிக்சல் எழுத்து அப்படிச் சுருங்கினால் 4.5 ஆகிவிடும், யாரால் படிக்க முடியும்? ஆகவே எழுத்தைச் சுருக்காமல், சிறிய திரையில் மட்டும் பெட்டிகளை 90% அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன்.

மாணவியிடம் வகுப்பின் முன்னால் வருத்தம் தெரிவித்தேன். பிறகு இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே செய்ய வைத்தேன். "சதவீதம் எதுக்கு சார்?" என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாம் தயாரிக்கும் எதையும் பிள்ளைகளுக்கு அனுப்புமுன், கிடைப்பதில் மிகச் சிறிய கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்ப்போம். பிள்ளையின் மதிப்பெண் நம் திரையின் அகலத்தால் குறையக் கூடாது.