கத்திய பெல்ட்டும் கேளாத காதுகளும்
(வானொலிச் சிற்றுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு கறுப்பு இறப்பர்ப் பட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். வாகனத்தின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினின் ஒரு பக்கத்தில் பல கப்பிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறதே, அந்தப் பெல்ட். பாம்பைப்போல நெளிந்து ஓடுவதால் ஆங்கிலத்தில் அதைச் சேர்ப்பன்டைன் பெல்ட் என்பார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் 'ஃபான் பெல்ட்' என்றே சொல்கிறார்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றில் அது ஃபானைச் சுற்றுவதேயில்லை. ஃபானுக்குத் தனியாக மின்மோட்டர் இருக்கிறது. ஆனாலும் ஊரில் பழகிய பெயர் எங்களோடு கப்பலேறி வந்துவிட்டது.

எங்கள் பங்கில் ஒரு பழைய வான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறமுடியாத முதியவர்களைத் திருப்பலிக்குக் கூட்டிவரும். கிழமையில் மூன்று நாள், விடியற்காலையில், ஒரு தாயாரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு ஏற்றிப்போகும். நாங்களும் பங்கின் இளைஞர் இரண்டு பேரும் மாறிமாறி ஓட்டுவோம். கடந்த மார்கழி தொடங்கியபோது இந்த வான் காலையில் கீச்சிடத் தொடங்கியது. ரொறன்ரோவின் குளிரில் எந்தப் பழைய வாகனம் முனகாது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். எஞ்சின் சூடானதும் சத்தம் அடங்கிவிடும். அடங்காத நாட்களில் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்போம். ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்.

ஒருநாள் பொனற்றைத் திறந்து ரோச் லைற் அடித்தும் பார்த்தோம். பெல்ட் கறுகறுவென்று இருந்தது. ஒரு வெடிப்புக்கூட இல்லை. 'பெல்ட் நல்லாயிருக்கு' என்று மூடிவிட்டோம்.

அடுத்த கிழமை, உருகிய பனியும் உப்பும் கலந்து வீதியெல்லாம் சேறாக இருந்த ஒரு காலையில், சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்று புறப்பட்டபோது ஏதோ 'படபட' என்று அடித்தது. முன்பலகையில் பற்றரி விளக்கு எரிந்தது. ஸ்ரியரிங் கல்லாகிவிட்டது. எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஓட்டிய தம்பி உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அந்த ஒரு காரியத்தையாவது நாங்கள் சரியாகச் செய்தோம். இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். எங்கள் வானில் தண்ணீர்ப் பம்பையும் அந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது.

தாயார் பின்னிருக்கையில், போர்வைக்குள், பேசாமல் இருந்தார். வாடகைக் கார் வரும்வரை முக்கால் மணித்தியாலம். வான் குளிர்ந்துகொண்டே போனது. சிகிச்சைக்குப் பிந்திப் போனோம். இறங்கும்போது அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"சுவாமி, இரண்டு கிழமையா அது கத்தினது எனக்குக் கேட்டது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, இழுத்துவரப்பட்ட வான் குருமனை முற்றத்தில் நின்றது. எங்கள் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1990களில் பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் அவருடையவை. அவரைக் கூப்பிட்டோம். கழன்று தொங்கிய பெல்ட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "தம்பிமார், முதுகைப் பாத்து என்ன செய்யிறது? வயித்துப் பக்கத்தைப் பாருங்கோ."

பெல்ட்டின் வெளிப்பக்கம் வழுவழுப்பானது. உட்பக்கத்தில்தான் நீளத்துக்கு ஓடும் வரிகள் இருக்கின்றன. கப்பியின் தவாளிப்புகளைப் பிடித்துக்கொள்வது அந்த வரிகளே. முந்திய காலத்துப் பெல்ட்டுகள் பழுதானால் குறுக்கே வெடிக்கும்; பார்த்தவுடனே தெரியும். இப்போது வரும் பெல்ட்டுகள் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பரால் ஆனவை. அவை இலகுவில் வெடிப்பதில்லை. ரயரைப்போலத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் மெல்ல மெல்ல அகன்று, பெல்ட் கப்பிக்குள் ஆழமாக அமர்ந்து, அடியைத் தொட்டுவிடுகிறது. பிறகு பிடி இல்லை, வழுக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் கத்தும். வெடிப்பில்லை என்று நாங்கள் மூடிவைத்த பெல்ட் அந்த நிலையில்தான் இருந்தது. தேய்வைப் பார்க்கச் சின்ன பிளாஸ்ரிக் அளவி இருக்கிறது. அது இல்லாவிட்டால் புதிய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பெரியவருக்கு இந்த ஒற்றைப் பெல்ட்டில் அவ்வளவு பிரியமில்லை. ஊர்க் காரில் பெல்ட் அறுந்தபோது சாரத்தைக் கிழித்துத் திரித்துக் கட்டி வீடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னார். இங்கேயும் முன்பு இரண்டு மூன்று பெல்ட்டுகள் வேலையைப் பிரித்துக்கொண்டன. 1979ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங்கில் இந்த நீளப் பெல்ட் வந்தது. பிறகு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். இடம் மிச்சம், மாற்றுவதும் சுலபம். ஆனால் போனால் எல்லாம் ஒன்றாகப் போகும்: மின்சாரம், ஸ்ரியரிங், தண்ணீர்ப் பம்பு, ஏசி. இந்த இடத்தில் ஒரே உடலையும் அதன் உறுப்புகளையும் பற்றிப் பேச எங்களுக்கு நாக்கு ஊறுகிறது. வேண்டாம், பெல்ட் பெல்ட்டாகவே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்கமுன் பெரியவர் எங்கள் கழுத்தைப் பார்த்தார். "சங்கிலி, சால்வை, மோதிரம் எல்லாம் கழட்டி வையுங்கோ." சிலுவைச் சங்கிலியையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தோம். எஞ்சின் ஆறியிருந்தது. கியர் பார்க்கில், கைப்பிறேக் போட்டபடி, சாவி வெளியே. பற்றரியின் மறை முனையைக் கழற்றினோம்.

அடுத்தது பெல்ட் ஓடும் பாதை. பொனற்றின் கீழே ஒட்டியிருந்த படம் எங்கள் வானில் அழுக்கேறி அழிந்துபோயிருந்தது. வாகனக் கைநூலில் தேடி எடுத்து, பெரிய தாளில் வரைந்து கண்ணாடியில் ஒட்டினோம். பெல்ட் இன்னும் கழராமல் இருப்பவர்கள் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பிறகு ஒரு பின்னேரத்தை மிச்சப்படுத்தும்.

புதிய பெல்ட்டைப் பூட்டக் கைநீட்டியபோது பெரியவர் தடுத்தார். ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றச் சொன்னார். சும்மா சுழன்று பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஒரு கப்பி இருக்கிறது. அதைச் சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவது போலக் கரகரத்தது, ஆட்டினால் ஆடியது. உப்பும் சேறும் அதன் பெயாரிங்கைத் தின்றுவிட்டன. வழுக்கிய பெல்ட்டைக் கடைசியில் தூக்கி எறிந்தது அந்தக் கப்பிதான். புதிய பெல்ட்டை மட்டும் போட்டுப் பெருமைப்பட்டிருந்தால், சில கிழமைகளில் தாயார் மறுபடியும் வீதியோரத்தில் இருந்திருப்பார். மீண்டும் கடைக்குப் போய்க் கப்பியையும் வாங்கிவந்தோம்.

பெல்ட்டை இழுத்துப் பிடிப்பது டென்ஷனர் என்ற வில்லுக் கை. நீளமான பிடியுள்ள ஸ்பனரை மாட்டி ஒருவர் அதைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் பெல்ட்டைப் படத்தின்படி சுற்றினார். வில் பலமானது, கை நழுவினால் விரல் போகும். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே விரல் வைக்கவே கூடாது. வரியில்லாத வழுவழுப்பான கப்பியைக் கடைசிக்கு விட்டால் பெல்ட் இலகுவாக ஏறும். பிறகு ஸ்பனரை மெதுவாக விடவேண்டும். சில வாகனங்களில் டென்ஷனர் இல்லாமல் தானே இழுபடும் பெல்ட் இருக்கும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை, வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

எங்கள் அவசரம் இன்னும் போகவில்லை. 'சரி, ஸ்ரார்ட் பண்ணுவம்' என்றோம். பெரியவர் ரோச் லைற்றை எங்கள் கையில் தந்து ஒவ்வொரு கப்பியாகப் பார்க்கச் சொன்னார். கீழேயிருந்த கப்பியில் பெல்ட் ஒரு வரி தள்ளி ஏறியிருந்தது. அப்படியே ஓடவிட்டிருந்தால் அந்த ஓரத்தை உரித்தெறிந்திருக்கும். திரும்பவும் இளக்கி, சரியாக இருத்தினோம். பற்றரியைப் பூட்டி, சில விநாடி மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடியும் பார்த்தோம். சரியாக இருந்தது.

கத்தும் பெல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்று கடைகளில் விற்கிறது. அதையும் இளைஞர்களில் ஒருவர் வாங்கிவைத்திருந்தார். சத்தம் கொஞ்ச நாள் நிற்கும். பசையில் தூசியும் மண்ணும் ஒட்டும். தேய்வு தேய்வாகவே இருக்கும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிய எங்களுக்கு அவரைக் குறைசொல்லத் தகுதியில்லை.

திங்கட்கிழமை விடிய ஐந்தரை மணிக்குத் தாயாரின் வாசலில் வானை நிறுத்தினோம். நல்ல குளிர். அவர் ஏறி இருந்து, போர்வையை இழுத்துவிட்டு, உடனே ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். எஞ்சின் மட்டும் ஓடியது.

"ம்," என்றார். "இப்ப வெளிக்கிடலாம்."