நீரிழிவும் நுரையீரல் புற்றுநோயாளியின் ஆயுளும்



நுரையீரல் புற்றுநோயோடு நீரிழிவும் சேர்ந்தால் ஆயுள் மேலும் குறையும் என்றே எல்லோரும் நினைப்போம். நோர்வேயின் ஹண்ட் மக்கள் உடல்நல ஆய்வோடு வேறு இரு நோயாளர் தொகுதிகளையும் சேர்த்து 2011இல் வெளியான கட்டுரை இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. அதில் ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் நீரிழிவு உள்ளோரில் 43 சதவீதம், இல்லாதோரில் 28 சதவீதம். வயது, பாலினம், புற்றின் வகை, நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் நீரிழிவாளரின் இறப்பு அபாய விகிதம் 0.55தான். மாறாக, 2008இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு, பலவகைப் புற்றுகளையும் சேர்த்து, நீரிழிவு உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் 41 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் அந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது கருப்பை உட்சுவர், மார்பகம், பெருங்குடல் புற்றுகளில்தான். ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது. ‘நீரிழிவு உண்டு’ என்ற ஒற்றைப் பதிவை வைத்து நுரையீரல் புற்றுநோயாளியின் ஆயுளைக் கணிக்கவே முடியாது என்பதுதான் இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

நோர்வே எண்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மொத்தம் 1,677 நோயாளிகளில் நீரிழிவு உள்ளவர்கள் 77 பேர். இவர்கள் ஹண்ட் ஆய்வு, ஓர் உயிரிவங்கி, ஒரு கீமோதெரபி மருந்துச் சோதனை என மூன்று தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். மருந்துச் சோதனைக்குள் நுழைய உடல்நிலையும் சிறுநீரகமும் ஓரளவு தேறியிருக்க வேண்டும். நலிந்த நீரிழிவாளர் வாசலிலேயே நின்றுவிடுவார். மூன்றாண்டு உயிர்வாழ்வு நீரிழிவு உள்ளோரில் 3 சதவீதம், இல்லாதோரில் 1 சதவீதம் என்பது மும்மடங்கு போலத் தோன்றும். 77 பேரில் 3 சதவீதம் என்றால் இரண்டே பேர். வயதையும் நோயின் நிலையையும் சரிசெய்துவிட்டார்களே என்று கேட்கலாம். பதிவில் இருப்பதைத்தான் சரிசெய்ய முடியும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பலர் உடல் எடை மிகுந்தவர்கள். இந்தப் புற்றிலோ எடை இழப்புதான் கெட்ட அறிகுறி. மாரடைப்பில் முன்பே இறந்துபோன நீரிழிவாளர் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு வந்து சேர்வதே இல்லை.

இனி எதிர்ப்பக்கம். இருபதாண்டு நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சிஸ்பிளாட்டின் கொடுக்கத் தயங்குகிறோம். காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ளவருக்குப் பாக்லிடாக்சல் அளவைக் குறைக்கிறோம். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. இவருக்கு ஆயுள் குறைந்தால் காரணம் சர்க்கரையா, கிடைக்காமல் போன சிகிச்சையா? சென்ற ஆண்டுதான் சர்க்கரை தெரியவந்து, சிறுநீரகமும் நரம்பும் நன்றாக இருப்பவரின் கதை முற்றிலும் வேறு. ஆனால் இருவரின் கேஸ் ஷீட்டிலும் ‘டி.எம்.’ (நீரிழிவு) என்றுதான் எழுதியிருக்கும்.

நோர்வே ஆய்வில் தெரிந்த நன்மைக்குக் காரணம் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின்தான் என்று சிலர் வாதிடுவர். ஒருவர் மெட்ஃபார்மினைத் தொடர்ந்து வாங்கியவர் என்று கணக்கில் ஏறுவதற்கே அதுவரை உயிரோடிருந்தாக வேண்டும். அந்தக் காலத்தை மருந்தின் வரவில் எழுதிய ஆய்வுகள் பல என்பதை 2012லேயே ஆய்வாளர்கள் சுய்சாவும் அசூலேயும் காட்டிவிட்டனர். மூன்றாம் நிலை நோயாளிகளுக்குக் கீமோ, கதிர்வீச்சுடன் மெட்ஃபார்மினும் சேர்த்துத் தந்த இரு சோதனைகள் 2021இல் வெளிவந்தன. ஒன்றில் பயனில்லை, மற்றொன்றில் முடிவு மோசமாகவே இருந்தது. அவர்கள் நீரிழிவு இல்லாதவர்கள் என்ற மறுப்பு நியாயமானதே. எனவே சர்க்கரைக்கு அம்மருந்தைத் தருவதை இந்தச் சோதனைகள் தடுக்கவில்லை. அது புற்றுநோயாளியின் ஆயுளை நீட்டுகிறது என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் தளர்ந்துவிட்டது.

கூட்டம் நெரியும் வார்டில் இத்தனை நுணுக்கத்துக்கு நேரமேது என்ற கேள்வியும் எழும். ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023இல் தந்த கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். ‘சர்க்கரைக்காரர், தாங்கமாட்டார்’ என்று பார்த்தவுடன் மருந்தைக் குறைக்கும் பழக்கம் இங்கே எத்தனை பேரைத் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். நீரிழிவு ஒன்றையே காரணமாக்கி வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று நோர்வே ஆய்வாளர்கள் எழுதியதை, அவர்களுடைய சதவீதங்களைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு ஆயுள் நீளுகிறது என்று நிறுவ வேண்டியதும் இல்லை. நீரிழிவு மட்டுமே அதைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே போதும்.

நீரிழிவு தெரியவந்த ஆண்டு, எச்பிஏ1சி, கடந்த ஆறு மாத எடை மாற்றம், கிரியாட்டினின், மருந்தளவைக் குறைத்திருந்தால் அதன் காரணம்: இந்த ஐந்தையும் ஒவ்வொரு நோயாளிக்கும் குறிக்க ஐந்து வரி போதும். இன்று கட்டுரை படிப்போர், தம் தரவில் இவற்றில் எவை உள்ளன, எவை இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு முடிவுகளுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.