மூன்று இடத்து மருந்து



மலேசியாவின் கோப்பெங் பக்கம் ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்தால் நாம் என்ன சொல்வோம்? "வெயில் தாங்கல", "காலையில பசியாறல", "பித்தம்." செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் விழுந்தவர் எச்ஐவி கிருமியோடு வாழ்பவர், போதை ஊசியை விடுவதற்கான மெத்தடோன் மருந்தும் குடிப்பவர் என்றால், பழியை வெயில்மேல் போட்டுவிட்டுப் போக முடியாது. இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986-இல் தெரியவந்தது. 2002-இல் மட்டும் புதிதாக ஏறக்குறைய 7,000 பேர் பதிவானார்கள். பெரும்பாலோருக்குப் போதை ஊசி வழியாக வந்தது. 2005-இல் அரசாங்கம் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியது, அடுத்த ஆண்டு சுத்தமான ஊசியும். "போதைக்காரனுக்கு அரசாங்கமே மருந்தா?" என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அன்று பிழைத்தவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள், பேரப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. இனிக் கவனிக்க வேண்டியது மற்ற உறுப்புகளை.

இதயம் மின்சாரத்தால் துடிக்கிறது. ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்ததற்குத் தயாராக, இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். சில மருந்துகள் அந்த வழியை அடைத்துத் தாமதமாக்கும். இந்தத் தாமதத்தை இசிஜி தாளில் அளந்தே பார்க்கலாம். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள் அது. ஒரு பெரிய கட்டம் 200 மில்லி விநாடி. அதைக் காட்டும் கியூடி என்கிற இடைவெளி சாதாரணமாக இரண்டு பெரிய கட்டத்தை ஒட்டி இருக்கும். துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய கணக்கில் அது 500 மில்லி விநாடியைத் தாண்டினால், அதாவது இரண்டரைக் கட்டம் ஆனால், ஆபத்து. இதயம் தாளம் தப்பித் துடிக்கக்கூடும். அப்படி நடந்தால் மூளைக்கு ரத்தம் போகாது. ஆள் சுருண்டு விழுவார். சில விநாடியில் தானே தெளிந்து எழுவதும் உண்டு. கைகால் வெட்டி இழுத்தால் வலிப்பு என்று நினைத்து வேறு வைத்தியம் நடக்கும். சிலர் எழுவதே இல்லை.

மெத்தடோன் இந்த இடைவெளியை நீட்டும். அளவு கூடக்கூட அதிகமாக நீட்டும். பழைய எச்ஐவி மாத்திரையான எஃபாவிரென்ஸும் சிலருக்கு நீட்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இருமலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், இவையும் அதே வகை. தனித்தனியாக இவை பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. சேர்ந்தால்தான் வம்பு. அதோடு நாலு நாள் வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் குறைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒருவர் மெத்தடோனை ஓரிடத்தில் வாங்குகிறார், எச்ஐவி மாத்திரையை ஈப்போ பெரியாஸ்பத்திரியில், இருமல் மருந்தை ஊர்த் தனியார் கிளினிக்கில் என்று வைத்துக்கொள்வோம். எஃபாவிரென்ஸ் சாப்பிட்டால் ஈரல் மெத்தடோனை வேகமாகக் கரைத்துவிடும். உடம்பு நடுங்குகிறது, எலும்பெல்லாம் குடைகிறது, தூக்கமில்லை என்று அவர் சொல்ல, மெத்தடோன் அளவைக் கூட்டுகிறார்கள். அது சரிதான். பிறகு ஒருநாள் ஈப்போவில் எஃபாவிரென்ஸை நிறுத்தி டொலுடெக்ராவிர் கொடுக்கிறார்கள். அதுவும் சரிதான், நல்ல மருந்து. ஆனால் சில வாரங்களில் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதே அளவு மெத்தடோன் இப்போது ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். யாரும் தப்பு செய்யவில்லை. மெத்தடோன் கொடுப்பவருக்கு மாத்திரை மாறிய சேதி போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் இருமல் மருந்தும் சேரக்கூடிய மூன்றாவது இடம்தான் சிக்கல். சின்ன ஊரின் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டு அக்கா மகளாக இருக்கும். அங்கே நின்று எச்ஐவி என்று சொல்லுங்கள் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. எல்லா மருந்துப் பொட்டலத்தின் லேபிளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபின் காட்டுங்கள். பேச்சே தேவையில்லை. எச்ஐவி மாத்திரை மாறினாலும் மெத்தடோன் அளவு கூடினாலும் இசிஜி எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். வலிக்காது, சில நிமிட வேலை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் மெத்தடோனை நிறுத்திவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில், திடீரென இதயம் நின்று இறந்ததாகக் கருதப்பட்டவர்களின் உடலை அறுத்து ஆராய்ந்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். எச்ஐவி உள்ளவர்களிடம் அத்தகைய மரணம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். இதயத் தசையில் தழும்பும் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த மரணங்களில் மூன்றில் ஒன்று உண்மையில் போதைப்பொருள் அளவு மீறியதால் வந்தது. மெத்தடோனை விட்டவரை மறுபடி ஊசி இழுத்தால் அதுதான் நடக்கக்கூடும்.

இன்னொன்று, இதயத்தின் மேலறை நடுக்கம். கிருமி அடங்காதவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். துடிப்பு தாறுமாறாக ஓடினால் கிளினிக்குக்குப் போங்கள். ரத்தம் உறைந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடியது அது.

எதிரிலேயே ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 999-ஐ அழையுங்கள். நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். அவருக்கு எச்ஐவி இருந்தாலும் நெஞ்சை அழுத்துவதால் உங்களுக்கு ஒட்டாது.