நம் விதியை நாமே எழுதலாம்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் நடத்துகிறேன். ஒரு மாணவி, "சார், கம்ப்யூட்டர் நின்னுபோச்சு" என்றாள். நிற்கவில்லை. 'இன்புட்' அடைப்புக்குறிக்குள் அவள் எதுவும் எழுதவில்லை. எதைக் கேட்கிறோம் என்று சொல்லாமலே திரை காத்திருந்தது.

நிரலை இயக்காமலே குறை காட்டும் 'பைலின்ட்' இதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே நானே ஒரு செருகுநிரல் எழுதினேன். 'பேஸ்செக்கர்' வழிவந்த ஓர் இனக்குழு. 'விசிட்_கால்' செயற்கூறில் சோதனை. 'டபிள்யூ9901' என்ற எண்ணில் "எதை உள்ளிட வேண்டும் என்று எழுது" எனத் தமிழிலேயே எச்சரிக்கை.

ஓட்டினேன். என் எச்சரிக்கை வரவே இல்லை. இரண்டு மாலைகள் சோதனை வரிகளையே துருவினேன்; அவை சரியாகத்தான் இருந்தன. கோப்பின் கடைசியில் 'ரெஜிஸ்டர்' செயற்கூறு இருந்தது, அதற்குள் 'ரெஜிஸ்டர்_செக்கர்' வரி இல்லை. சேர்க்கையே போடாத பையனை வருகைப் பதிவேட்டில் தேடியிருக்கிறேன்! அமைப்புக் கோப்பில் 'லோட்-பிளகின்ஸ்' எதிரே கோப்பின் பெயரும் வேண்டும். பைத்தான் தேடும் இடத்தில் அந்தக் கோப்பு இருக்கவும் வேண்டும்.

கருவி மௌனமாக இருந்தால் பிள்ளை தன் நிரல் சரி என்றே நம்பிவிடும். எனவே இப்போதெல்லாம் வகுப்புக்கு முன் வேண்டுமென்றே தப்பாக ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கிறேன்.

கோப்பு பென்டிரைவில் இருக்கிறது. வேண்டுவோர் தேநீர் இடைவேளையில் எடுத்துக்கொள்ளுங்கள்.