டன்யூப்: ஆறும் எல்லையும்

தமிழிலே 'ஆறு' என்ற சொல்லுக்கு நதி என்பது ஒரு பொருள். வழி என்பது இன்னொரு பொருள். பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படைகள். அங்கு வரும் ஆறு நதியன்று, வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு, இன்ன வழியாற் போனால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று சொல்லியனுப்பும் இலக்கியம் அது. இரண்டு பொருளுக்கும் ஒரு சொல் எப்படி வந்தது என்று வகுப்பிலே யாராவது ஒரு பிள்ளை ஆண்டுதோறும் கேட்கும். நதிக்கரைதான் ஆதி மனிதனுக்குத் தெரிந்த முதற் பாதையாக இருந்திருக்கும் என்பேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அதை நம்புவது சற்றுக் கடினந்தான். மாரி பொய்த்தால் ஓடாத வழுக்கையாற்றை விட்டால் எங்களிடம் வேறு ஆறு ஏது?

ஆறில்லாத ஊரிற் பிறந்த நான், பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஒரு நதியிலே இரு வாரங்களுக்கு மேல் வாழ்ந்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். 2019 ஆகஸ்ட் விடுமுறையில் ஜேர்மனியில் இருக்கும் என் அண்ணரிடம் போயிருந்தேன். முப்பது ஆண்டுகளாக ஓய்வின்றி உழைக்கும் மனிதர் அவர். "தம்பி, வா, ஒருக்கா உல்லாசக் கப்பலிலை போவம்" என்று பற்றுச்சீட்டைக் கையிலே தந்தபோது எனக்குப் பயமே வந்துவிட்டது. ஜேர்மனியின் தென்கிழக்கு எல்லையிலுள்ள பஸாவ் நகரிலே ஏறி, கருங்கடல் முகத்துவாரம்வரை போய்த் திரும்பும் பயணம் அது.

டன்யூப் ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலே தோன்றி ஏறத்தாழ 2850 கிலோமீற்றர் ஓடுகிறது. ஜேர்மனி, ஒஸ்ரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோஷியா, சேர்பியா, ருமேனியா, பல்கேரியா, மோல்டோவா, உக்ரேன் என்பன அதன் கரை நாடுகள். இவற்றுள் மோல்டோவாவுக்குக் கிடைத்த கரை ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன. ஜேர்மானியர் டொனாவ் என்பர், ஸ்லோவாக்கியர் டுனாய், ஹங்கேரியர் டூனா, சேர்பியர் டுனாவ், ருமேனியர் டுனெரெயா. பெயர் மாறும்போது மொழி மாறும், நாணயம் மாறும், எழுத்தும் மாறும். தண்ணீர் மாத்திரம் மாறுவதில்லை.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று தட்டு, நூற்றுச் சொச்சம் பயணிகள். பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறுபவர்கள். அவர்களிடையே நானும் அண்ணருந்தான் 'இளைஞர்கள்'. உணவு வேளைகள் கோயிற் பூசை நேரங்களைப் போலத் தவறுவதில்லை. வியன்னாவில் இறங்கியபோது எல்லாரும் யொஹான் ஸ்ட்ராவுஸின் 'நீல டன்யூப்' இசையையே பேசினார்கள். 1867 ஆம் ஆண்டு அரங்கேறிய இசை அது. நதி நீலமாக இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். பழைய வியன்னா நகரின் ஓரத்தால் ஓடுவதும் பெருநதியன்று, அதன் ஒரு கிளை வாய்க்காலே. வியன்னா அழகான நகரம். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனவே நான் மேலே செல்கிறேன்.

வியன்னாவைக் கடந்து சிறிது தூரத்தில், மொராவா என்னும் சிற்றாறு வந்து கலக்குமிடத்திலே, செங்குத்தான பாறையொன்றின்மேல் டெவின் என்ற பாழடைந்த கோட்டை தெரிகிறது. இக்கரை ஸ்லோவாக்கியா, அக்கரை ஒஸ்ரியா. 1989 வரை இவ்விடத்திலே முட்கம்பி வேலியும் காவற் கோபுரங்களும் இருந்தன. நீந்திக் கடக்க முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். அவர்களின் நினைவாக எழுப்பிய வாயிலொன்று இப்போது கோட்டையின் அடிவாரத்திலே நிற்கிறது. வழிகாட்டி ஒலிபெருக்கியில் இதை இரண்டே வசனங்களிற் சொல்லிவிட்டு, மதிய உணவுக்கு மீன் என்று அறிவித்தார்.

அண்ணர் மேல்தட்டிலே கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் கடந்தது இவ்வளவு பெரிசில்லை" என்றார். 1992 ஆம் ஆண்டு போலந்துக்கும் ஜேர்மனிக்கும் இடையிலே ஓடும் நைஸ ஆற்றை இரவிலே கடந்து வந்தவர் அவர். எங்கள் வீட்டிலே அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். "கழுத்தளவு தண்ணி. கார்த்திகை மாதம். உடுப்பைப் பொலித்தீன் பையிலை கட்டித் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தம். ஏழு பேர் இறங்கினம்." அக்கரையில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புடாபெஸ்ட் நகருக்கு நாங்கள் இரவிலே போய்ச் சேர்ந்தோம். பாராளுமன்றக் கட்டடமும் பாலங்களும் விளக்கொளியிலே பொன்னாக மின்னின. பயணிகள் படம் எடுத்துத் தள்ளினார்கள். மறுநாட் காலை அதே பாராளுமன்றத்துக்கு அருகே, கரையோரக் கற்கட்டின் விளிம்பிலே, இரும்பினாற் செய்த அறுபது சோடிச் சப்பாத்துகளைப் பார்த்தேன். 1944-45 குளிர்காலத்திலே ஹங்கேரியப் பாசிசவாதிகள் யூதர்களை இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திச் சுட்டார்கள். சப்பாத்துக்கு அந்நாளில் விலை இருந்தது. எனவே முதலிற் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. 2005 ஆம் ஆண்டு இந்நினைவிடம் அமைக்கப்பட்டது. ஆண்களின் சப்பாத்து, குதியுயர்ந்த பெண்களின் சப்பாத்து, குழந்தையின் சின்னஞ்சிறு சப்பாத்து. நீண்ட கல்வெட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஹங்கேரியைத் தாண்டியதும் ஆறு மீண்டும் எல்லையாகிறது. ஒரு கரை குரோஷியா, மறு கரை சேர்பியா. எல்லைச் சோதனைக்காகக் கப்பல் நின்றபோது, அத்தனை பயணிகளின் கடவுச்சீட்டுகளுள்ளும் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அதிகாரி. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பகுதியிலே ஆறு காலப்போக்கிற் போக்கு மாறியிருக்கிறது. பழைய காணி வரைபடத்தின்படி எல்லை என்கிறது குரோஷியா. இன்றைய நீரோட்டத்தின் நடுவே எல்லை என்கிறது சேர்பியா. தான் இரு நாடுகளைப் பிரிப்பதை ஆறு அறியவில்லை போலும்!

வுகோவார் குரோஷியாவின் ஆற்றங்கரைச் சிறு நகரம். 1991 இல் யூகோஸ்லாவியா சிதறியபோது, யூகோஸ்லாவியப் படையும் சேர்பிய ஆயுதக் குழுக்களும் 87 நாட்கள் முற்றுகையிட்டு இந்நகரைத் தரைமட்டமாக்கின. குண்டுகள் துளைத்த நீர்த்தாங்கிக் கோபுரம் மாத்திரம் விழாமல் நின்றது. நாங்கள் போனபோது அதிலே திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. 2020 இல் நினைவிடமாகத் திறந்துவிட்டார்கள். காயங்களை மூடாமலே திருத்தியிருக்கிறார்கள்.

என்னை அதிகம் பாதித்தது கோபுரமன்று. அந்நகரிலே குரோஷியப் பிள்ளைகளும் சேர்பியப் பிள்ளைகளும் வேறுவேறு வகுப்புகளிற் படிக்கிறார்கள். பேசும் மொழியிலே பெரிய வேறுபாடு இல்லை; ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும். எழுத்துத்தான் வேறு: குரோஷியருக்கு இலத்தீன் எழுத்து, சேர்பியருக்குச் சிரிலிக் எழுத்து. 2013 இல் அரச அலுவலகங்களிலே இரண்டு எழுத்திலும் பெயர்ப்பலகைகள் மாட்டியபோது, சிலர் சுத்தியலோடு வந்து அவற்றை உடைத்தார்கள். முற்றுகையிலே பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அந்த எழுத்து வெறும் எழுத்தாகத் தெரியவில்லை. அதே எழுத்திலே முதன்முதல் அரிச்சுவடி படித்த சேர்பியப் பிள்ளைக்கோ, அது தாய்தந்தையர் தந்தது. இரண்டு பக்கமும் எனக்கு விளங்கியது. பெயர்ப்பலகையிலுள்ள எழுத்துக்காக மனிதர் அடிபடுவதைப் பற்றி இந்நாட்டிலே எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

பெல்கிரேட்டிலே கப்பல், டன்யூபில் வந்து கலக்கும் சாவா நதிக்கரையிலே கட்டப்படுகிறது. மற்றவர்கள் பஸ்ஸிலே நகர் பார்க்கப் போனார்கள். நானும் அண்ணரும் மேட்டிலே ஏறி, கொசான்சிச் வெனாக் என்னும் பழைய கற்றெருவைத் தேடிப்போனோம். அங்கே வீடுகளுக்கிடையிலே ஒரு வெற்றுக் காணி. புற்பூண்டு மண்டிய அத்திவாரச் சுவர்கள். சேர்பியத் தேசிய நூலகம் இருந்த இடம் அது. 1941 ஏப்ரில் 6 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, போர்ப் பிரகடனம் இல்லாமலே ஜேர்மன் விமானங்கள் பெல்கிரேட்டின்மீது குண்டு வீசின. நூலகம் எரிந்தது. ஏறத்தாழ மூன்றரை இலட்சம் நூல்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. கையெழுத்துப் பிரதிக்கு மறுபதிப்பு இல்லை என்பதை ஏட்டுச்சுவடி வாசித்த பரம்பரையினர் நன்கு அறிவர்.

1981 ஜூன் முதலாந் திகதி விடியற்காலையை நான் நினைவிலே வைத்திருக்கும் வயதில்லை. அண்ணருக்கு அப்போது பதினொரு வயது. யாழ்ப்பாண நூலகத்திலே எரிந்த தாள்கள் எங்கள் முற்றம்வரை பறந்து வந்ததாகச் சொல்வார். அவர் அந்தக் காணி வேலியிலே கையை வைத்துக்கொண்டு, "இவங்கள் ஏன் இதைத் திருப்பிக் கட்டேல்லை?" என்று கேட்டார். புதிய நூலகத்தை வேறொரு மேட்டிலே கட்டினார்கள் என்றேன். 1973 இல், நூலகம் எரிந்த அதே ஏப்ரில் 6 ஆந் திகதியிலேயே அதைத் திறந்தார்கள். பழைய இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் நூலகத்தை அதே இடத்திலே, அதே வெள்ளைக் கட்டடமாக மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். எது சரி என்று நாங்கள் இருவரும் கப்பலுக்குத் திரும்பும்வரை வாதிட்டோம். வெறுமையாக விடுவதே நல்லது, அப்போதுதான் வருபவன் கேட்பான் என்பது என் கட்சி. "பிள்ளையள் எங்கையிருந்து படிக்கிறது?" என்பது அவர் கட்சி.

சேர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையிலே மலைகளைப் பிளந்து ஆறு பாயும் இடத்துக்கு இரும்பு வாயில் என்று பெயர். 1972 இல் இங்கே பேரணை கட்டி முடித்தார்கள். கப்பல் ஒரு பிரமாண்டமான தொட்டிக்குள்ளே போகும். பின்னாற் கதவு மூடும். நீர் வடிய வடிய நாங்களும் கீழிறங்குவோம். நனைந்த சுவர்கள் இருபுறமும் உயர, எங்கள் ஊர்க் கிணற்றுக்குள் இறங்குவது போலவே இருந்தது. இந்த அணைக்காக மூழ்கடிக்கப்பட்டவற்றுள் ஒன்று அடா காலே என்ற சின்னஞ்சிறு தீவு. பள்ளிவாசலும் ஒடுங்கிய தெருக்களுமாகத் துருக்கியர் வாழ்ந்த தீவு. ஒட்டோமன் பேரரசு போன பிறகும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அணை வந்த பிறகு இருக்க முடியவில்லை. இப்போது கப்பல்கள் அதற்கு மேலாகப் போகின்றன.

பல்கேரியாவிலுள்ள ரூசே நகரிலே 1905 இற் பிறந்தவர், 1981 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலியாஸ் கனெற்றி. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதரின் வழிவந்தவர். வீட்டு மொழி பழைய ஸ்பானியம். தன் சிறுவயது ரூசேயிலே ஒரே நாளில் ஏழெட்டு மொழிகளைக் கேட்கலாம் என்று தன்வரலாற்றிலே கூறுகிறார். அவர் எழுதியதோ ஜேர்மன் மொழியில். எட்டு வயதிலே தாய் கற்றுக்கொடுத்த மொழி. வேலிகள் வருவதற்கு முன்பு ஆறு எதைக் கொண்டுவந்தது என்பதற்குக் கனெற்றியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கருங்கடற்கரையிலே உள்ள கொன்ஸ்டன்டாவுக்குப் பஸ்ஸிலே கூட்டிச் சென்றார்கள். பழைய பெயர் ரோமிஸ். கி.பி. 8 இல் உரோமப் பேரரசன் அகஸ்டஸ், கவிஞன் ஒவிட்டை இங்கேதான் நாடு கடத்தினான். அவன் திரும்பவேயில்லை; இங்கேயே இறந்தான். அந்நாளிலே டன்யூப் உரோமின் எல்லை. எதிரிகளைத் தடுக்கும் அகழி. ஆனால் குளிர்காலத்தில் அது உறைந்துவிடும், அகழி பாதையாகும், குதிரைவீரர் பனிமேல் ஏறி வந்துவிடுவர். ஒவிட் தன் துயரப் பாடல்களிலே இதையும் பாடியிருக்கிறான். பேரரசன் வகுத்த எல்லையை ஓர் இரவுக் குளிர் அழித்துவிடுகிறது!

கடைசியாகச் சுலினா. ஆறு கடலோடு சேரும் சிறு துறைமுகம். டன்யூபின் தூரத்தை முகத்துவாரத்திலிருந்து அளக்கிறார்கள். சுலினாதான் சைபர். கிரிமியப் போருக்குப் பின், 1856 இல், இந்த முகத்துவாரத்தைப் பராமரிப்பதற்கென்று பல நாடுகள் சேர்ந்து ஓர் ஆணைக்குழு அமைத்தன. அந்தக் காலத்துக்கு அது புதுமை. அதன் பின் பல தேசத்தவர் இங்கு வந்து வாழ்ந்து மடிந்தார்கள். ஊர்ச் சுடலையிலே கிரேக்கர், ஆங்கிலேயர், யூதர், முஸ்லிம்கள் எல்லாரும் அருகருகே கிடக்கிறார்கள்.

அன்று சுலினா உறங்கிக்கொண்டிருந்தது. 2022 இல் உக்ரேன் போர் மூண்டு, கருங்கடற் துறைமுகங்கள் அடைபட்டபோது, கோதுமை ஏற்றும் கப்பல்கள் இந்த முகத்துவாரத்துக்கு வெளியே வரிசையிலே காத்துநின்றன. சற்று மேலே, உக்ரேன் கரையிலுள்ள இஸ்மாயில் துறைமுகத்தை 2023 ஆகஸ்டிலே ரஷ்ய ஆளில்லா விமானங்கள் தாக்கித் தானியக் களஞ்சியங்களை எரித்தன. எதிர்க்கரை ருமேனியா. அங்குள்ள சனங்கள் வீட்டு வாசலிலே நின்று நெருப்பைப் பார்த்தார்கள். இடையிலே அதே ஆறுதான்.