நிறைகோல் பிடித்த பயிற்சியாளர்கள்

(மொரப்பூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் ஏதேனும் ஓர் அறத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். விபத்தாலோ நோயாலோ கை கால் இழந்தோரை விளையாட்டின் வழியே மீண்டும் தலைநிமிரச் செய்யும் பயிற்சியாளர்களின் தொண்டினைப் பற்றிப் பேச விழைகின்றேன். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நம் ஊர் இரயில் ஊர். நாற்புறமும் சாலைகள்; சுற்றிலும் வயல்கள். சாலை விபத்தில் கால் இழந்தவர், தண்டவாளத்தில் இழந்தவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை கொடுத்தவர், சர்க்கரை நோயால் ஆறாத புண்ணுக்குப் பாதத்தைப் பறிகொடுத்தவர் என ஒவ்வொரு தெருவிலும் ஒருவரையேனும் நாம் அறிவோம். அவர் வீட்டுத் திண்ணையைக் கடக்கும்போது நம் கண்கள் தாமாகவே வேறு பக்கம் திரும்புகின்றன. "ஐயோ பாவம்" என்கிறோம். அவரோ அச்சொல்லைக் கேட்டுக் கேட்டுத் திண்ணையிலிருந்து உள்ளறைக்கு நகர்ந்துவிடுகிறார்.

உறுப்பை இழந்தவருக்கு முதலில் தம் உடல்மீதுள்ள நம்பிக்கை போய்விடுகிறது. எழுந்தால் விழுந்துவிடுவோமோ, விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்களோ என்ற அச்சம் ஒவ்வோர் அடியிலும் வந்து நிற்கிறது. இழந்த காலில் வலி இருப்பதுபோன்ற உணர்வும் பலரை நள்ளிரவில் எழுப்பிவிடும். இந்த அச்சத்தை ஆறுதல் மொழி போக்குவதில்லை. உடலால் இழந்த நம்பிக்கையை உடலால்தான் மீட்க வேண்டும்.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களுக்கு அவர் மருந்தோடு வில்லும் அம்பும் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்த விதையே 1960இல் உரோம் நகரில் பாராலிம்பிக்காக முளைத்தது. 1976இல் டொரன்டோவில் நடந்த போட்டியில் கை கால் இழந்தோரும் களத்தில் இறங்கினர்.

இனி, பயிற்சியாளருக்கு வருவோம். பவணந்தி முனிவரின் நன்னூலை நம் பிள்ளைகள் இலக்கண நூல் என்ற அளவில் அறிவர். சமண முனிவராகிய அவர், எழுத்தும் சொல்லும் தொடங்குமுன் பாயிரத்திலேயே நல்லாசிரியரின் இயல்பை வகுத்துரைக்கின்றார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கை அவருக்கு உவமையாக நிறுத்துகின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இப்பகுதியை நடத்தியவன் நான். உறுப்பிழந்தோரைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களின் வரலாறுகளைப் படிக்கப் படிக்க, இந்நான்கும் அவர்களுக்கே சொல்லப்பட்டனவோ என்று தோன்றுகிறது.

முதலில் நிலம். நிலம் பொறுமையுடையது, பருவத்துக்கும் உழைப்புக்கும் ஏற்ப விளைவது. இராசத்தான் மாநிலத்துச் சிற்றூரில் தேவேந்திர ஜஜாரியா என்னும் சிறுவன் எட்டு வயதில் மரமேறியபோது மின்கம்பி பட்டு இடக்கையை இழந்தான். அவன் ஈட்டி எறிவதை 1997இல் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டியில் கண்டவர் ஆர்.டி. சிங் என்னும் பயிற்சியாளர். கண்ட மறுநாளே பதக்கம் விளையவில்லை. ஏழாண்டு உழவுக்குப் பின், 2004இல் ஏதென்சு நகரில் 62.15 மீட்டர் எறிந்து ஜஜாரியா தங்கம் வென்றார். அடுத்து வந்த 2008, 2012 பாராலிம்பிக்குகளில் அவருக்குரிய பிரிவில் ஈட்டி எறிதல் இடம்பெறவே இல்லை. விதைப்பதற்கே நிலம் கிடைக்காத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்து, 2016இல் ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து மீண்டும் தங்கம் கொண்டார். இரண்டும் உலகச் சாதனைகள்.

அடுத்தது மலை. மலை அசையாதது, வறட்சியிலும் வளம் தருவது. அருணிமா சின்கா வாலிபால் ஆடிய இளம்பெண். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உத்தரப் பிரதேசத்தில் இரயில் பயணத்தின்போது தண்டவாளத்தில் விழுந்து இடக்காலை இழந்தார். மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர் நாடிச் சென்றது பச்சேந்திரி பால் அம்மையாரை. 1984இல் எவரெசுட்டின் முடியைத் தொட்ட முதல் இந்தியப் பெண்மணி அவர். கால் போன பெண்ணொருத்தி மலையேறுவேன் என்றபோது அவர் நகைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை, பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டார். 2013 மே 21ஆம் நாள் அருணிமா எவரெசுட்டின் உச்சியில் நின்றார். கால் இழந்த பெண்களுள் அங்கு முதலில் ஏறியவர் அவரே. மாணவி தடுமாறும்போது தாம் தடுமாறாத ஆசிரியர் வாய்த்தால் இத்தகையன நிகழும்.

மூன்றாவதாக மலரைச் சொல்கின்றேன். மலர் மென்மையானது, முகமலர்ச்சிக்கு உவமையானது. உறுப்பிழந்தவரின் பயிற்சி பெரும்பாலும் விழுவதிலிருந்து தொடங்குகிறது. எப்படி விழுந்தால் அடிபடாது, விழுந்தபின் எதைப் பற்றி எப்படி எழுவது என்பதை மெத்தை விரித்துக் கற்பிப்பார்கள். விழுவதற்குக் கற்றவனுக்கு விழும் அச்சம் பாதி போய்விடுகிறது. எஞ்சிய காற்பகுதியின் தோல் சிவந்திருக்கிறதா, புண்பட்டிருக்கிறதா என்று பயிற்சியாளர் நாள்தோறும் பார்க்க வேண்டும். செயற்கைக் கால் உரசிப் புண்ணானால் அன்றைய பயிற்சி நிறுத்தப்பட வேண்டும். சர்க்கரை நோயாளியாயின் மருத்துவரின் இசைவு கட்டாயம். பெற்ற தாயும் பார்க்கத் தயங்கும் அந்தக் காலை அருவருப்பின்றி, பரபரப்பின்றி, முகமலர்ச்சியோடு ஒருவர் தொட்டுப் பார்க்கிறார் என்பதே பலருக்கு முதல் மருந்து.

நிறைகோலை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. இவற்றுள் தலையாயது அதுவே என்பது என் துணிபு. நிறைகோல் கூட்டியும் சொல்லாது, குறைத்தும் சொல்லாது. உறுப்பிழந்தவரைச் சூழ்ந்தோர் இருவகையான கள்ள எடைகளை வைத்திருக்கின்றனர். "உன்னால் ஒன்றும் முடியாது" என்பது ஒருவகை. "ஆகா, நீ செய்ததே பெரிது" என்று எதைச் செய்தாலும் கைதட்டுவது மற்றொருவகை. இரண்டாவது அன்பின் உருவில் வருவதால் அதன் பொய் நமக்குத் தெரிவதில்லை. கேட்பவருக்கு நன்றாகத் தெரியும். உண்மையான அளவைச் சொல்லும் ஒருவருக்காகவே அவர் மனம் ஏங்குகிறது.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. கால் அகற்றப்படவில்லை, ஆயினும் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன் அவர். உயரம் தாண்டும் திறன் அவரிடம் இருப்பதைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கண்டார். பதினான்கு வயதில், குறையேதுமில்லாத பிள்ளைகளோடு தாண்டி இரண்டாமிடம் பெற்றார். அந்தப் போட்டியில் அவருக்காகக் குறுக்குக் கம்பியை யாரும் தாழ்த்தவில்லை. 2013இல் தேசியப் போட்டியொன்றில் அவரைக் கண்ட சத்தியநாராயணா, பின்னர்ப் பெங்களூரில் வைத்துப் பயிற்சியளித்தார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம்.

உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி ஒரு நிறைகோல். அதற்குக் கண்ணீர் தெரியாது. தாண்டுபவர் யார் என்பதும் தெரியாது. கம்பி விழவில்லையென்றால் தாண்டியாயிற்று. நேற்றைக்கு இன்று ஒரு விரற்கடை உயரம் கூடியிருந்தால், அது எவரும் இரங்கிக் கொடுத்ததன்று. எவரும் பறிக்கவும் இயலாது. தன்னம்பிக்கை என்று நாம் பெருஞ்சொல்லாகச் சொல்வது இப்படி விரற்கடை விரற்கடையாகவே சேர்கிறது. அடுத்த விரற்கடை எது, எப்போது என்று அறிந்து கம்பியை வைப்பதுதான் பயிற்சியாளரின் கலை. மிக உயர்த்தினால் மாணவன் ஒடிந்துபோவான். உயர்த்தாமலே விட்டால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று உணர்வான்.

இதற்குப் பாராலிம்பிக் வரை போக வேண்டியதில்லை. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒரு கால் இழந்த மாணவன் இருந்தான். விளையாட்டு வேளையில் அவனுக்கு எப்போதும் ஒரே வேலை: பிறர் சட்டைகளைக் காத்துக்கொண்டு மரத்தடியில் அமர்ந்திருப்பது. புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் அவனை ஒரு மர முக்காலியில் அமர்த்தி, குண்டு எறியச் சொன்னார். விழுந்த இடம் வரை அளவுநாடா பிடித்தார். மீட்டரும் சென்டிமீட்டரும் சத்தமாகச் சொன்னார். மற்ற மாணவர்களின் பெயர்கள் இருந்த அதே குறிப்பேட்டில் எழுதினார். பாராட்டுரை ஏதும் இல்லை. "அடுத்த வாரம் ஒரு சாண் கூட வேண்டும்" என்றார், அவ்வளவே. அடுத்த வாரம் அந்த மாணவன் சட்டைகளைக் காக்க உட்காரவில்லை. வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்தான்.

அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கின்றேன். செயற்கைக் கால் வழங்கும் அறம் உங்கள் சமுதாயத்துக்குப் புதிதன்று. கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், சம்மணமிட்டு அமரவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் நம் மக்களுக்கு வழிசெய்தது. 1975இல் டி.ஆர். மேத்தா அவர்கள் பகவான் மகாவீரரின் பெயரால் ஜெய்ப்பூரில் நிறுவிய அமைப்பு அதனை ஏழைகளுக்கு விலையின்றி அளித்துவருகிறது. அவ்வழியில் ஊர்தோறும் முகாம்கள் நடக்கின்றன. ஆனால் முகாமில் பெற்ற கால் சில வீடுகளில் பரணில் கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அணிந்துகொண்டு எங்கே செல்வது, யாரோடு நடப்பது என்பதற்கு விடையில்லாததால் அது அங்கே கிடக்கிறது. காலைக் கொடுத்த கை, களத்தையும் காட்ட வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அமர்ந்து ஆடும் வாலிபால் என்றொரு விளையாட்டு உண்டு. பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள சமதளம் போதும். ஆடவர்க்கு வலை 1.15 மீட்டர் உயரம், மகளிர்க்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது உடம்பு தரையை விட்டு எழக்கூடாது என்பது விதி. ஆகவே செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டே ஆடலாம்; இரு கால் உடையவரும் உடன் அமர்ந்து ஆடலாம். குண்டு எறிதலுக்கு ஒரு முக்காலியும் ஓர் அளவுநாடாவும் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், முப்பதாம் பிரிவில், விளையாட்டில் அவர்களுக்குரிய பங்கைப் பேசுகிறது. சட்டம் இருக்கிறது; திடலும் இருக்கிறது. வேண்டுவது, வாரம் இருமுறை மாலையில் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளர்.

அத்தகைய ஒருவரை, நம் வட்டாரத்து உடற்கல்வி ஆசிரியர்களுள் ஆர்வமுடையவரை, முறையான பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அறக்கட்டளை இவ்வாண்டு ஏற்க வேண்டும் என்று இம்மன்றத்தில் வேண்டுகின்றேன். அவர் பதக்கங்களைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. உள்ளறைக்குப் போய்விட்ட ஒருவர் மீண்டும் சந்தைக்கு வந்து, பேரம் பேசி, தம் பையைத் தாமே சுமந்து சென்றால் அது போதும். அன்று அவர் எறிந்த தூரத்தை எழுதிவைக்கும் குறிப்பேட்டை வாங்கித் தரும் செலவு என்னுடையதாக இருக்கட்டும்.